இருபத்தொன்பது வருஷ நோம்பி

கள்ளிவலசில் மாரியம்மன் நோம்பி சாட்டி, அதாவது திருவிழா அறிவித்து, இருபத்தொன்பது வருஷம் ஆகிறது, இன்னும் முடிந்தபாடில்லை. மற்ற ஊர்களில் பதினைந்தாம் நாள் கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டு, மஞ்சள் நீர் ஊற்றிக்கொண்டு, மிச்சப் பலகாரத்தையும் தின்று தீர்த்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். இந்த ஊரில் மட்டும், கம்பத்தைப் பிடுங்க முதல் கை வைப்பது வடக்குத் தெருவா தெற்குத் தெருவா என்று ஆரம்பித்த பேச்சு கைகலப்பாகி, கைகலப்பு கேஸாகி, கேஸ் வாய்தாவாகி, வாய்தா சமாதானக் கூட்டமாகி, அந்தக் கூட்டத்தில் டீயும் போண்டாவும் சாப்பிட்டே மூன்று தாசில்தார்கள் ரிடையர் ஆகிவிட்டார்கள். கம்பம் நட்டது நட்டபடி நின்றது. கம்பம் என்றால் வேறொன்றுமில்லை, வேப்பமரத்தில் மூன்றாகப் பிரிந்த கொம்பு ஒன்றைப் பச்சையாக வெட்டிக் கோயில் வாசலில் நடுவார்கள், பெண்கள் தினம் அதற்குத் தண்ணீர் ஊற்றுவார்கள், அவ்வளவுதான். பச்சைக் கொம்பு, ஈர மண், இருபத்தொன்பது வருஷம். அது துளிர்த்து, கிளைத்து, இன்றைக்கு அதன் நிழலில் ஒரு டீக்கடையும் நான்கு ஆட்டோக்களும் கட்சிக் கொடிக்கம்பங்கள் மூன்றும் இருக்கின்றன.

நோம்பிக்குக் காப்புக் கட்டிக்கொண்டவர்கள் அது முடியும்வரை கம்பம் இருக்கிற இடத்தில்தான் ராத்தங்க வேண்டும், வெளியூரில் தங்கக் கூடாது என்பது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். அந்த வருஷம் காப்புக் கட்டியவர்கள் இரண்டே பேர். ஒருவர் பூசாரி. இன்னொருத்தி, தினமும் காலையில் கம்பத்துக்கு முதல் குடம் தண்ணீர் ஊற்றுவதற்காகப் பொறுக்கி எடுத்த பதினோரு வயதுச் செல்லாத்தாள். பூசாரி நான்காம் வருஷமே காப்போடு போய்ச் சேர்ந்து தப்பித்துக்கொண்டார். செல்லாத்தாளுக்கு இப்போது நாற்பது வயது, கல்யாண வீடுகளுக்குச் சமைக்கப் போகிறாள், காலையில் எழுந்ததும் இன்னும் அந்த முதல் குடத்தை ஊற்றுகிறாள், வலது மணிக்கட்டில் காப்பாகக் கட்டிய அந்த மஞ்சள் கயிறு கறுத்துப்போய்க் கிடக்கிறது. ஒருமுறை அரிவாள்மனையில் வைத்து அறுத்துப் பார்த்தாள். அரிவாள்மனைதான் மழுங்கியது.

பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தில் ஊட்டிக்குக் கூட்டிப் போனார்கள். பொழுது சாய்ந்தபோது செல்லாத்தாள் ஏரிக்கரையில் நின்று சுண்டல் தின்றுகொண்டிருந்தாள். சாய்ந்து முடிந்தபோது கள்ளிவலசில் தன் வீட்டு வாசலில் சுண்டல் பொட்டலத்தோடு வெறுங்காலில் நின்றாள். செருப்பு ஊட்டியிலேயே நின்றுவிட்டது. அம்மா நாச்சம்மாள் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்து, "செருப்ப எங்கடி உட்ட?" என்று கேட்டாள். வேறு எதையும் கேட்கவில்லை. மறுநாள் வாத்தியார் ஆள் காணோம் என்று அலறிக்கொண்டு வந்தபோது, அந்தப் பிள்ளை காப்புக் கட்டியிருக்கிறதே, நீங்கள் விசாரித்துக்கொண்டல்லவா கூட்டிப் போயிருக்க வேண்டும் என்று ஊர்க்காரர்கள் அவரைத்தான் திட்டினார்கள்.

அன்றிலிருந்து அப்படித்தான். காலையில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம், பொழுது சாயும்போது வீட்டு வாசலில் வந்து நிற்பாள், கையில் பிடித்திருப்பது கூடவே வரும், காலில் போட்டிருப்பது வராது. ஏன், எப்படி என்று கேட்டு மண்டையை உடைத்துக்கொள்ள இந்த ஊருக்கு நேரமில்லை. இதை எதற்குப் பயன்படுத்தலாம் என்று யோசிப்பதற்கு மட்டும் நேரம் நிறைய இருந்தது. கோயமுத்தூர் போகிறாயா, அப்படியே இந்த கிரைண்டரை ஒரு கை பிடித்துக்கொண்டு நில், ஐந்தே முக்காலுக்குப் பிடித்தால் போதும் என்றார்கள். சந்தையில் வாங்கிய ஆட்டின் கயிற்றை அவள் கையில் கொடுத்தார்கள். வெளியூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்தவர்கள், கார் குலுங்கினால் தையல் பிரிந்துவிடும் என்று அவள் விரலைப் பிடித்துக்கொண்டு குலுங்காமல் வந்து இறங்கினார்கள், இறங்கியதும் வெளிச்சம் இருக்கும்போதே கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம் என்று குறையும் சொன்னார்கள். பஸ் கண்டக்டர் அவளுக்குப் போகிற டிக்கெட் மட்டும் கிழிப்பார். ஜனத்தொகை எடுக்க வந்தவர் மற்றவர்களைக் கேள்வி கேட்டு எழுதினார், செல்லாத்தாள் பெயரைக் கேட்காமலேயே எழுதிக்கொண்டார். அவள் எங்கே இருப்பாள் என்பது அவ்வளவு நிச்சயம்.

கல்யாணத்துக்கும் பேச்சு வந்தது. சேலத்து மாப்பிள்ளை ஒருவர், தாலி கட்டிய அன்றைக்கே பெண் பிறந்த வீட்டு வாசலில் போய் நிற்குமாமே என்று கேட்டுவிட்டுக் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார். ஈரோட்டில் வேலை பார்த்த இன்னொருவர் வீட்டோடு மாப்பிள்ளையாக வரச் சம்மதித்தார். ஒரு மாதம் பேசிப் பார்த்ததில், அவருக்குப் பெண்ணைவிட, தினமும் சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்காமல் வீடு வந்து சேரும் வசதிதான் பிடித்திருக்கிறது என்று தெரிந்தது. செல்லாத்தாள் வேண்டாம் என்றுவிட்டாள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். கவுசல்யா விஷயத்தைத்தான் அவளால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. தெற்குத் தெருக் கவுசல்யா தனக்குப் பிடித்த பையனோடு திருப்பூருக்கு ஓடிப்போனபோது, நீ சும்மா போய்ப் பார்த்துப் பேசிவிட்டு வா, உன்மேல் அதற்குப் பிரியம் என்று இரண்டு தெருப் பெரியவர்களும் வந்து நின்றார்கள். செல்லாத்தாளுக்கு அப்போது இருபத்தைந்து. போனாள். வாடகை அறையில் புதிதாக வாங்கிய பிளாஸ்டிக் குடத்தையும் இரண்டு தட்டுகளையும் எடுத்துக் காட்டி, அக்கா அக்கா என்று அந்தப் பெண் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு பேசியது. கையை உதறியிருக்கலாம். அஞ்சு நிமிஷம் முன்னால் எழுந்து வெளியே போயிருக்கலாம். ஊர் சொல்லி அனுப்பியிருக்கிறதே என்று உட்கார்ந்திருந்தாள், பொழுது சாய்ந்தது, இருவரும் கள்ளிவலசில் நின்றார்கள். அந்த வாரத்திலேயே கவுசல்யாவை வேறொருவனுக்குக் கட்டி வைத்துவிட்டார்கள். இப்போதும் ஊருக்கு வந்தால், செல்லாத்தாளைக் கண்டதும் கவுசல்யா தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வாள். அதற்குப் பிறகு ஆட்களைக் கைப்பிடித்துக் கூட்டி வரமாட்டேன் என்று செல்லாத்தாள் கறாராகச் சொன்னாள். ஊரும் பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக் கேஸையும் ஆட்டையும் மட்டும் அதில் சேர்க்காமல் விட்டது.

உலகம் என்பது அவளுக்குப் பதிமூன்று மணி நேரம். விடிகாலை முதல் பஸ்ஸில் ஏறினால் பொழுது சாய்வதற்குள் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவுதான் உலகம். கடலை மத்தியானத்தில் பார்த்திருக்கிறாள். வேறு எந்த ஊரிலும் ஒரு விடியலைப் பார்த்ததில்லை. காப்பு இல்லாவிட்டால் மட்டும் நீ போய்க் கிழித்திருப்பாயா என்று சில நாள் தன்னையே கேட்டுக்கொள்வாள். அந்தக் கேள்வி வந்தால் உடனே எதையாவது எடுத்துப் போட்டு அரைக்க ஆரம்பித்துவிடுவாள்.

இந்த நிலையில்தான் கரூர் சுலோசனா வந்தாள். பெண்களை மட்டும் சேர்த்து வடக்கே யாத்திரை கூட்டிப் போகிறவள். ஒரு கல்யாணத்தில் செல்லாத்தாளின் கத்தரிக்காய்க் கொத்சைச் சாப்பிட்டுவிட்டுச் சமையற்கட்டுக்கே தேடி வந்து, அறுபது பேர், பதினெட்டு நாள், ரயிலிலேயே சமையல் பெட்டி இருக்கிறது, பனிமலை வரைக்கும் போகிறோம், பழைய சமையல்காரருக்கு முட்டி போய்விட்டது, நீ வருகிறாயா என்று கேட்டாள். செல்லாத்தாள் யோசிக்காமல் சரி என்றாள். பொழுது சாய்ந்து, கரண்டியும் கையுமாகத் தன் வீட்டு வாசலில் நின்றபோதுதான் என்ன சொல்லித் தொலைத்தோம் என்று உறைத்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஈரோட்டில் ரயில். அதற்குள் நோம்பி முடிந்தாக வேண்டும். முடியாவிட்டால் அன்றைக்கே பொழுதோடு அவள் இங்கே வந்து நிற்பாள், அறுபது பொம்பளைகள் வெறும் வயிற்றோடு வடக்கே போவார்கள்.

வடக்குத் தெருக் குப்பண்ணன் வீட்டுக்குப் போனாள். எங்களுக்கு ஒன்றுமில்லை அம்மிணி, தெற்குத் தெருக்காரர்கள்தான் முரண்டு பிடிக்கிறார்கள் என்றார். தெற்குத் தெரு ஆறுச்சாமி வீட்டுக்குப் போனாள். நாங்கள் எப்பவோ இறங்கி வந்துவிட்டோம், வடக்குத் தெருவைக் கேள் என்றார். செத்துப்போன பூசாரியின் மகன் மருதாசலம் செல்போன் கடை வைத்திருந்தான். அவனிடம் போனாள். அவன் யாருடைய போனுக்கோ கண்ணாடி ஒட்டிக்கொண்டே, மனசு கேட்காமலோ என்னவோ, உண்மையைச் சொல்லிவிட்டான்.

"அக்கா, நாலு வருஷத்துக்கு முன்னாடியே பேசி முடிச்சுட்டாங்க. ஒரு வருஷம் அவங்க, ஒரு வருஷம் இவங்கன்னு கையெழுத்தே போட்டாச்சு."

"அப்பறம் ஏன்டா முடிக்கல?"

"முடிச்சா நீங்க போயிருவீங்கல்ல. அப்பறம் ஆஸ்பத்திரிக்கு என்ன பண்றதுன்னு கேட்டாங்க. பேச்சு அப்படியே நின்னு போச்சு."

அடித்துக்கொள்வதற்கு இருபத்தைந்து வருஷம் எடுத்துக்கொண்டவர்கள், ஒருத்தியை வாசலில் கட்டி வைப்பதற்கு ஒரே சாயங்காலத்தில் ஒற்றுமையாகிவிட்டார்கள். வீட்டில் வந்து சொன்னால் நாச்சம்மாள், ஊரைப் பகைத்துக்கொண்டு என்ன ஆகப் போகிறது, பனிமலையில் என்ன வைத்திருக்கிறது, உனக்குச் சளி பிடிக்கும் என்றாள். அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. செல்லாத்தாள் அன்றைக்குச் சாப்பிடவில்லை. எதையும் அரைக்கவுமில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் வழக்கம்போலக் குடத்தை எடுத்துக்கொண்டு போய் மரத்துக்கு ஊற்றினாள். ஊற்றி முடித்தபோதுதான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது அவள் புத்திக்கு எட்டியது. இருபத்தொன்பது வருஷமாக, காய்ச்சல் வந்தபோதும் மழை கொட்டியபோதும், ஒரு நாள் தவறாமல், தன்னைக் கட்டிப்போட்ட கம்பத்துக்குத் தானே தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறாள். ஊரையாவது திட்டலாம், இதற்கு யாரைத் திட்டுவது. வெறுங்குடத்தால் அடிமரத்தில் ஓங்கி ஒரு போடு போட்டாள். டீக்கடைக்காரர் குடம் நசுங்கிவிடும் என்றார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். தலைக்கு மேலே, எட்டும் உயரத்தில், மூன்றாகப் பிரிந்த கொம்பு ஒன்று இருந்தது. கம்பத்துக்குரிய அதே அளவு, அதே பிரிவு.

காப்புக் கட்டியவள் கம்பம் இருக்கிற இடத்தில் ராத்தங்க வேண்டும். வழக்கம் அவ்வளவுதான் சொல்கிறது. கம்பம் எங்கே இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. செல்லாத்தாள் டீக்கடைக்காரரின் கத்தியை வாங்கி அந்தக் கொம்பை வெட்டினாள், காலியான பெயிண்ட் பக்கெட்டில் கோயில் வாசல் மண்ணை அள்ளிப் போட்டு நட்டாள், அதற்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினாள். பிறகு அதை இடுப்பில் வைத்துக்கொண்டு ஈரோட்டு பஸ்ஸில் ஏறினாள். போகிறவளை ஊர் தடுக்கவில்லை, தடுக்க என்ன இருக்கிறது, பொழுதோடு வந்துவிடப் போகிறவள்தானே. குப்பண்ணன் வீட்டிலிருந்து மிக்சி ஜாருக்கு ரப்பரும், ஆறுச்சாமி வீட்டிலிருந்து மருந்தும் வாங்கி வரச் சொன்னார்கள்.

சுலோசனா பக்கெட்டைப் பார்த்துவிட்டு, வேப்பிலைக் கொழுந்து வைத்தியத்துக்கா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். ரயில் ஜோலார்பேட்டையைத் தாண்டியபோது பொழுது இறங்க ஆரம்பித்தது. செல்லாத்தாள் சமையல் பெட்டியில் ஒரு மூலையில் உட்கார்ந்து பக்கெட்டை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இறுக்கி வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். வாசல் மண்ணும் தவிட்டு வாசனையும் இதோ வந்துவிடும் என்று காத்திருந்தாள். வெகுநேரம் கழித்து யாரோ பாலுக்குச் சர்க்கரை கேட்டார்கள். கண்ணைத் திறந்து காலைப் பார்த்தாள். இரண்டு செருப்பும் காலிலேயே இருந்தன.

மறுநாள் அவள் விழித்தபோது ரயில் ஏதோ ஒரு ஸ்டேஷனில் நின்றிருந்தது. பெயர்ப்பலகையில் படிக்கத் தெரியாத எழுத்து. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பல் விளக்கினார், ஒரு பெண் எருமையை வைதுகொண்டே ஓட்டிப் போனாள், மிளகாய்க் காட்டுக்கு மேலே வெளிச்சம் வந்தது. கள்ளிவலசில் வருவதும் இதே வெளிச்சம்தான். ஆனாலும் செல்லாத்தாளுக்கு அழுகை வந்தது, சமையல் பெட்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நன்றாக அழுதாள், அழுது முடித்து அறுபது பேருக்கு ரவை உப்புமா கிண்டினாள்.

உப்புமா முடிந்தபோது கவனித்தாள், கொம்பு வாடிக்கொண்டிருந்தது. அடுப்புச் சூடு தாங்காமல் இலைகள் உதிர்ந்து பக்கெட்டைச் சுற்றிக் கிடந்தன. தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள், ஜன்னலோரம் நகர்த்திப் பார்த்தாள். மணிக்கட்டில் கயிறு தெற்குப் பக்கமாக லேசாக இழுத்தது. ஒன்பதரைக்குக் கொஞ்சம் பலமாக இழுத்தது. இன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் கொம்பு பட்டுப்போகும், பட்டுப்போனது கம்பம் ஆகாது. அப்போதுதான் போன் அடித்தது. குப்பண்ணனும் ஆறுச்சாமியும் ஒரே போனில், ஒரே ஸ்பீக்கரில் பேசினார்கள். நேற்று மருந்து வரவில்லை, ரப்பர் வரவில்லை, ஊரே வாசலில் நின்று ஏமாந்துபோனது என்று முதலில் மாறி மாறிக் குறைப்பட்டார்கள். பிறகு குரலைத் தாழ்த்தினார்கள்.

"அம்மிணி, ரெண்டு தெருவும் ஒண்ணாயிட்டோம். நோம்பிய முடிச்சரலாம். நீ மட்டும் வந்து நில்லு, காப்ப முறையா அவுத்தரலாம்" என்றார் குப்பண்ணன்.

"மாமா, எறங்கி வந்துட்டா இந்த ரயிலு போயிருமுங்களே."

"அதனாலென்ன? அடுத்த வருஷம் போய்க்கலாம்" என்றார் ஆறுச்சாமி.

இருபத்தொன்பது வருஷமாக இதற்காகத்தான் அவள் காத்திருந்தாள். முறைப்படி, ஊர் கூடி, எந்தக் குற்றமும் இல்லாமல் காப்பை அவிழ்க்கக் கூப்பிடுகிறார்கள். அவர்கள் சொன்னபடி செய்துவிடவும் கூடும். சரிங்க மாமா என்ற வார்த்தை அவள் வாய்வரைக்கும் வந்தது, அது எப்போதும் தானாகவே வந்துவிடும். தன் வழியில் செய்து பார்த்து அது பலிக்காவிட்டால் இன்றைக்குச் சாயங்காலமே வாசல், ஊர்ச் சிரிப்பு, பிறகு எந்த சுலோசனாவும் வரமாட்டாள். அடுத்த வருஷம் என்ற சொல் அவள் காதில் கிடந்து அரித்தது. அவளுடைய அடுத்த வருஷங்களை எல்லாம் இவர்கள்தான் போண்டா தின்று தீர்த்திருக்கிறார்கள்.

ரயில் கோதாவரிப் பாலத்தில் ஏறியது. செல்லாத்தாள் போனை அணைக்காமல் அரிசி மூட்டையின்மேல் வைத்தாள். பக்கெட்டின் முன் குந்தி, கொம்பின் அடியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பிடுங்கினாள், மண் சமையல் பெட்டி முழுக்கச் சிதறியது. கதவருகே போய் அதை வெளியே வீசினாள். கொம்பு பாலத்துக் கம்பியில் ஒருமுறை மோதித் திரும்பி, பிறகு ஆற்றில் விழுந்தது. சொம்புத் தண்ணீரில் நான்கு கரண்டி மஞ்சள் தூளைப் போட்டுக் கலக்கித் தலையோடு ஊற்றிக்கொண்டாள். காப்பி கேட்டு வந்த சுலோசனாமேல் பாதி தெறித்தது. புதுச் சேலை போச்சே என்றாள் அவள்.

போனில் இரைச்சல் கேட்டிருக்க வேண்டும். "என்ன அம்மிணி சத்தம் அங்க?"

"கம்பத்தப் புடுங்கியாச்சுங்க மாமா. ஆத்துலயும் போட்டாச்சு. நோம்பி முடிஞ்சுதுங்க."

குப்பண்ணனும் ஆறுச்சாமியும் ஒரே மூச்சில் கேட்டார்கள்: "மொதக் கை யாருது?"

செல்லாத்தாள் மஞ்சள் ஒழுகும் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனருகே குனிந்தாள்.

"என்ற கை" என்றாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அரிசி களையும்போது மணிக்கட்டுக் கயிறு நைந்து கழுநீரோடு போனது. அதை நம்பலாமா என்பது பொழுது சாய்ந்தால்தான் தெரியும். மூன்று மணிக்கும் பயமாக இருந்தது, நான்கு மணிக்கு இன்னும் பயமாக இருந்தது, எதற்கும் இருக்கட்டும் என்று ராத்திரிச் சப்பாத்திக்கு மாவைச் சீக்கிரமே பிசைந்து, யாத்திரைப் பெண்கள் இரண்டு பேரை உட்கார வைத்துத் தேய்க்கச் சொல்லிக் கொடுத்தாள். அவர்கள் தேய்த்த லட்சணத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒன்று அப்பளம் மாதிரி இருந்தது, இன்னொன்றை எந்தப் பக்கம் போடுவது என்றே தெரியவில்லை. பருப்பு வேறு அடிப்பிடித்தது, யாரோ அடுப்பைக் குறைக்காமல் போயிருந்தார்கள், பெரிய வெங்காயம் எங்கே என்றால் ஆளுக்கொரு மூட்டையைக் காட்டினார்கள். நாற்பது வருஷமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்த வசவுகளைச் செல்லாத்தாள் ஒவ்வொன்றாக எடுத்து விட்டுக்கொண்டிருந்தபோது, சுலோசனா உள்ளே வந்து சுவரில் கையை வைத்துத் தடவி, இத்தனை நேரம் இந்த இருட்டிலா சமைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டு விளக்கைப் போட்டாள்.